‘ஐ சா தி டிவி குளோ’: பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்லி எத்தனை பேரை நச்சரித்திருப்பேன் என்று கணக்கில்லை. பார்த்து முடித்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்கே “ஒண்ணுமே புரியலையே” என்று கேட்டார்கள். மீதிப் பேர் ஒரு வாரம் கழித்து, நடு ராத்திரியில், பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார்கள். இரண்டு தரப்பும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கதை முழுக்க வெளிப்பட்டுவிடும், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் முதல் இரண்டு பதிலோடு நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.

எதைப் பற்றிய படம்? சுருக்கமா சொல்லுங்க.

1996. அமெரிக்கப் புறநகர் ஒன்றில் அதிபர் தேர்தல் நாள். பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. அம்மாவோடு வந்த ஏழாம் வகுப்புப் பையன் ஓவன், அங்கே தனியாக உட்கார்ந்து புத்தகம் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் மேடியைப் பார்க்கிறான். அவள் கையில் இருப்பது ‘தி பிங்க் ஒபேக்’ என்ற டிவி தொடரின் எபிசோட் கையேடு. தொடர் சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு வரும், ஆனால் ஓவன் வீட்டில் பத்தேகாலுக்கே படுத்துவிட வேண்டும். நண்பன் வீட்டில் தங்கப்போவதாகப் பொய் சொல்லிவிட்டு மேடி வீட்டுக்குப் போய் அந்தத் தொடரை முதல்முறையாகப் பார்க்கிறான். அதற்கப்புறம் அவள் ஒவ்வொரு எபிசோடையும் விஎச்எஸ் கேசட்டில் பதிவு செய்து அவனுக்காகப் பள்ளியில் வைத்துவிட்டுப் போகிறாள். இரண்டு தனியான பிள்ளைகள், நடுவில் ஒரு தொடர். அந்தத் தொடர் வெறும் தொடர்தானா என்பதுதான் அதற்குப் பிறகு வரும் முழுப் படமும்.

யார் எடுத்தது? எப்போது வந்தது?

எழுதி இயக்கியவர் ஜேன் ஷோன்பிரன். திருநர், ஆண்-பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளாதவர். இதற்கு முன் 2021-ல் ‘வீ ஆர் ஆல் கோயிங் டு தி வேர்ல்ட்ஸ் ஃபேர்’ எடுத்தார், அதுவும் திரையின் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பதின்வயதுப் பிள்ளையின் கதைதான். இந்தப் படம் 2024 ஜனவரியில் சண்டான்ஸ் விழாவில் முதலில் திரையிடப்பட்டது, மே மாதம் ஏ24 நிறுவனம் அமெரிக்கத் தியேட்டர்களில் வெளியிட்டது. தயாரிப்பாளர்களில் எம்மா ஸ்டோனும் ஒருவர். ஓவனாக ஜஸ்டிஸ் ஸ்மித், சின்ன வயது ஓவனாக இயன் ஃபோர்மன். மேடியாக நடித்தவர் இப்போது ஜாக் ஹேவன் என்ற பெயரில் இருக்கிறார், படத்தின் பெயர்ப் பட்டியலில் பழைய பெயர் இருக்கும், குழம்ப வேண்டாம். பாராட்டியவர்களில் மார்ட்டின் ஸ்கோர்செஸியும் உண்டு.

இது பேய்ப்படமா? எனக்குப் பயமே வரலையே.

திடுக்கென்று எதுவும் முன்னால் வந்து குதிக்காது. தொடரின் வில்லன், நிலா முகம் கொண்ட மிஸ்டர் மெலன்கலி வருகிறான், உருகி வழியும் ஐஸ்கிரீம் உருவம் ஒன்று வருகிறது, இரண்டுமே பழைய சிறுவர் தொடர்களில் வருவது போலத்தான். பயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஓவனுக்கு அம்மா சாகிறார், பிறகு அப்பா சாகிறார், அவன் அதே வீட்டில், அதே ஊரில், முதலில் ஒரு தியேட்டரில் வேலை பார்க்கிறான், பிறகு பிள்ளைகளுக்கான விளையாட்டு மையம் ஒன்றில். எட்டு வருடம், அப்புறம் இன்னும் இருபது வருடம் என்று காலம் அடுத்தடுத்த காட்சிகளில் தாவிப் போகிறது. “எனக்கென்று ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்களை உயிராக நேசிக்கிறேன்” என்று கேமராவைப் பார்த்துச் சொல்கிறான். அந்தக் குடும்பத்தில் ஒருவர் முகத்தைக்கூடப் படம் நமக்குக் காட்டவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்த இடம் அதுதான். ஒரு பேயும் துரத்தவில்லை, யாரும் கட்டிப்போடவில்லை, ஒரு மனிதன் நம் கண்ணெதிரே நாற்பதைத் தாண்டுகிறான், அவ்வளவுதான் நடக்கிறது.

இன்னொன்று, அவன் மூச்சைக் கவனியுங்கள். ஓவனுக்கு ஆஸ்துமா, இன்ஹேலர் கையிலேயே இருக்கும், வயது ஏற ஏறக் குரல் அடைத்து, பேச்சே இழுப்பாகிறது. முதல் முறை அதை நோய் என்று பார்ப்பீர்கள். தொடரின் கடைசி எபிசோடில் அதன் நாயகி இசபெல்லின் இதயத்தை வெட்டி எடுத்து, அவளை உயிரோடு புதைத்துவிடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு அதே மூச்சிரைப்பைக் கேட்டுப் பாருங்கள். மண்ணுக்கடியில் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது.

திருநர் படம் என்கிறார்கள். படத்தில் அந்தச் சொல்லே வரவில்லையே?

வராது. ஓவனிடம் அந்தச் சொல் இல்லை, அதனால் படத்திலும் இல்லை. மைதானத்துப் படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்திருக்கும்போது மேடி, தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, உனக்கு ஆண்களைப் பிடிக்குமா பெண்களையா என்று கேட்கிறாள். ஓவன் யோசித்துவிட்டு, எனக்கு டிவி தொடர்கள்தான் பிடிக்கும் என்று நினைக்கிறேன் என்கிறான். அப்புறம்தான் முக்கியமானதைச் சொல்கிறான்: அதைப் பற்றி நினைத்தாலே யாரோ மண்வெட்டியால் தன் உள்ளே இருப்பதையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டது போல இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும், ஆனாலும் திறந்து பார்க்கப் பயம். பதினாலு பதினைந்து வயதில் பெயர் தெரியாத ஒரு வலியை இதைவிடச் சரியாக ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்?

திருநர்களுக்குள் ‘முட்டை’ என்று ஒரு பேச்சுவழக்கு உண்டு. தான் திருநர் என்று இன்னும் தனக்கே தெரியாதவர் முட்டை. தெரியவரும் அந்த நொடி, ஓடு உடைவது. ஷோன்பிரன் இந்தப் படத்தை அந்த ஓடு உடைவதைப் பற்றிய படம் என்றே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், தன் பாலின மாற்றத்தின் தொடக்க நாட்களில் எழுதியது என்றும். ஓவன் விஷயத்தில் ஓட்டில் கீறல் விழுகிறது, அவன் கையால் பொத்திப் பொத்தி வைக்கிறான்.

காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1996 செப்டம்பரில்தான் அமெரிக்க அதிபர் கிளின்டன், திருமணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டுமே என்று வரையறுத்த சட்டத்தில் கையெழுத்திட்டார். படம் தொடங்குவது அதே வருடம் நவம்பரில், ஓவனின் அம்மா ஓட்டுப் போட வந்த நாளில். படம் இதைச் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கூட வராந்தாவில் இரண்டு பிள்ளைகள் ஏன் ஒரு தொடரைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மேடி சொல்வது உண்மையா, இல்லை அவளுக்கு மனநிலை சரியில்லையா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடி ஊரைவிட்டு ஓடிப்போகலாம் என்று ஓவனைக் கூப்பிடுகிறாள், அவன் பயந்து பின்வாங்குகிறான், அவள் காணாமல் போகிறாள், கொல்லைப்புறத்தில் அவள் டிவி தீப்பிடித்து எரிந்துகொண்டிருக்கிறது. கொஞ்ச நாளில் ஐந்து சீசனோடு தொடரும் நிறுத்தப்படுகிறது. எட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து அவள் சொல்வது இது: நீ ஓவன் இல்லை, நான் மேடி இல்லை. நாம் அந்தத் தொடரின் இரண்டு நாயகிகள், இசபெல்லும் டாராவும். மிஸ்டர் மெலன்கலி நம்மைப் புதைத்துவிட்டான். நாம் வாழ்க்கை என்று நினைப்பது அவன் அடைத்து வைத்திருக்கும் நள்ளிரவு உலகம். நான் ஒருவனுக்குப் பணம் கொடுத்து என்னை உயிரோடு புதைக்கச் சொன்னேன், செத்து, அங்கே கண் விழித்தேன். நீயும் வா.

வெளியிலிருந்து கேட்டால் உளறல். உளறலைவிட மோசம், ஆபத்து. ஓவன் இடத்தில் நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். ஆனால் என் பதில்: மேடி சொல்வது உண்மை. காற்றடைத்த கூடாரத்துக்குள் செயற்கை நட்சத்திரங்களின் கீழே அவள் நிறுத்தாமல் பேசும் அந்தக் காட்சியில் கேமரா அவளைச் சந்தேகிப்பதே இல்லை. அதோடு ஓவனுக்கும் நினைவுகள் வருகின்றன, இசபெல்லைப் போல அவன் கவுன் போட்டிருந்த ஒரு ராத்திரி மின்னி மறைகிறது. அது அவனுடைய நினைவு, மேடி சொல்லிக் கொடுத்தது இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது சாவைத் தேடச் சொல்லும் படம் இல்லை. இருந்த பெயர், இருந்த உறவுகள், இருந்த முகம் எல்லாம் மண்ணோடு போனால்தான் அடுத்த வாழ்க்கை என்ற பயம், மாறப்போகும் ஒருவருக்கு மாறுவதற்கு முன் எப்படி இருக்கும் என்பதைத்தான் அந்தக் குழி காட்டுகிறது. இதைப் பார்த்து மனம் கனத்துப் போனவர்கள் தனியாக வைத்துக்கொள்ளாமல் யாரிடமாவது பேசுங்கள்.

அப்படியானால் ஓவன் ஏன் போகவில்லை? கோழையா?

கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தோழி ஒருவர், திருநங்கை, அவரோடுதான் இரண்டாம் முறை பார்த்தேன். மைதானத்தில் மேடி அவனை இழுத்துக்கொண்டு போகும் இடத்தில் அவர் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். “போவானா மாட்டானா, இப்பவே சொல்லு” என்றார். சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டே மீதியைப் பார்த்தார். ஓவன் மேடியைத் தள்ளிவிட்டு ஓடியதும் அவர் சொன்னது ஒரே வரி: “நானும் ஆறு வருஷம் இப்படித்தான் ஓடினேன்.”

அதற்குமேல் நான் என்ன விளக்கம் சொல்ல?

அப்பா கதாபாத்திரம் ஏன் பேசுவதே இல்லை?

பேசுகிறார், நினைவில் நிற்பது ஒரு வரி. அந்தத் தொடரைப் பார்க்க ஓவன் அனுமதி கேட்கும் பேச்சு வரும்போது, “அது பொண்ணுங்க பாக்குறது இல்ல?” என்கிறார். அடிக்கவில்லை, கத்தவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி இருபது வருடத்துக்கும் மேல் வேலை செய்கிறது. நடித்தவர் ஃபிரெட் டர்ஸ்ட், லிம்ப் பிஸ்கிட் இசைக்குழுவின் பாடகர், தொண்ணூறுகளின் முரட்டு ஆண்பிள்ளைக் குரல் என்றால் அமெரிக்காவில் பலருக்கு நினைவு வருபவர். அவரை இருட்டில் டிவி வெளிச்சத்தில் சும்மா உட்கார வைத்தது நல்ல தேர்வு. தொடரின் கடைசி எபிசோடைப் பார்த்துவிட்டு ஓவன் டிவிக்குள்ளேயே தலையை விடுகிறான், அவனை வெளியே இழுத்துப்போடுவதும் இவர்தான்.

‘தி பிங்க் ஒபேக்’ என்று நிஜமாகவே ஒரு தொடர் இருந்ததா?

இல்லை. பெயர் கோக்டோ ட்வின்ஸ் இசைக்குழுவின் தொகுப்பு ஆல்பம் ஒன்றிலிருந்து வந்தது. ஆனால் அப்படிப்பட்ட தொடர்கள் இருந்தன. 1992 முதல் நிக்கலோடியன் சேனல் சனிக்கிழமை ராத்திரிகளில் பிள்ளைகளுக்கென்றே நிகழ்ச்சி வரிசை ஒன்றை நடத்தியது, அதில் பயமுறுத்தும் கதைகளும் உண்டு. 1997-ல் ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ வந்தது. அதன் ஐந்தாவது சீசன் கடைசியில் நாயகி செத்து, மண்ணுக்கடியில் போவாள். அந்தத் தொடரில் பெண்ணைக் காதலிக்கும் பெண்ணாக வந்த பாத்திரத்தின் பெயர் டாரா, நடித்தவர் ஆம்பர் பென்சன். அவர் இந்தப் படத்தில் ஓவனுடைய நண்பனின் அம்மாவாக ஒரு காட்சியில் வருகிறார். அந்த டாராவை 2002-ல் கதையில் கொன்றபோது எத்தனையோ பெண்பிள்ளைகள் வீட்டில் காரணம் சொல்ல முடியாமல் அழுதார்கள். ஷோன்பிரன் தன் தொடருக்குள் ஒரு டாராவை வைத்து, அவளை உயிரோடு திரும்பி வர வைத்தது அவர்களுக்காகத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு தொடர் மேல் இவ்வளவு பைத்தியம் யாருக்காவது பிடிக்குமா?

பிடிக்கும். வாரத்துக்கு ஒரு எபிசோட்தான். தவறவிட்டால் மறு ஒளிபரப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது கேசட்டில் பதிவு செய்து தர வேண்டும். அந்தக் கேசட்டில் மேடி எழுதிய சின்னச் சின்னக் குறிப்புகளைப் பாருங்கள், அது காதல் கடிதத்துக்குக் குறைந்தது இல்லை. தன்னைப் போன்றவர்கள் நிஜ உலகில் எங்கும் தென்படாதபோது, தொடரில் இரண்டு பெண்கள் மனத்தாலேயே பேசிக்கொள்கிறார்கள், கழுத்தில் ஒரே மாதிரி பிங்க் பேய் உருவம் மின்னுகிறது என்றால், அதைப் பிடித்துத் தொங்கத்தான் தோன்றும். பிங்க் ஒபேக் தனக்கு நிஜ வாழ்க்கையைவிட நிஜமாக இருப்பதாக மேடி சொல்லும்போது அவள் மிகைப்படுத்தவில்லை.

ஆனால் படம் ரசிக மனத்தைக் கொண்டாடிவிட்டு மட்டும் போகவில்லை, இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அதே டிவி ஓவனை உறங்கவும் வைக்கிறது. மேடிக்குத் தொடர் ஒரு கதவு. ஓவனுக்கு அது போர்வையாகிவிடுகிறது. இசபெல்லின் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வாழ வேண்டாமே.

பல வருடம் கழித்து அவன் தொடரை மறுபடி பார்க்கும்போது ஏன் அவ்வளவு மட்டமாக இருக்கிறது?

நம் நினைவில் அந்தத் தொடர் இருட்டாக, மர்மமாக, நாடா தேய்ந்த மங்கலோடு இருக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் வருவதோ வெளிச்சமான, அசட்டுத்தனமான சிறுவர் நிகழ்ச்சி. ஓவன் வெட்கப்படுகிறான். இதற்கா உயிரை விட்டோம் என்று. சின்ன வயதில் பித்தாக இருந்த எதையாவது திரும்பப் பார்த்தவர்களுக்கு அந்த வெட்கம் தெரியும்.

சிலர் இதை வைத்து, பார்த்தீர்களா, மேடி சொன்னதெல்லாம் கற்பனை என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அடைபட்டவன் தப்பிக்க நினைவு ஒன்றுதான் வழி என்றால், சிறைக்காரன் முதலில் கெடுப்பது அந்த நினைவைத்தானே. இல்லை, தொடர் எப்போதுமே மட்டம்தான் என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றும் குறைந்துவிடவில்லை, அந்தப் பிள்ளை அதற்குள் கண்டது உண்மை. தொடரின் தரத்தை வைத்து அந்த அழுகையை அளக்க முடியாது.

கடைசிக் காட்சி? அப்படியே பாதியில் நின்றுவிட்டதே?

பிறந்தநாள் கொண்டாட்டம், எல்லோரும் பாடுகிறார்கள், ஓவன் திடீரென்று நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று அலறுகிறான். சுற்றியிருப்பவர்கள் பொம்மை மாதிரி அசையாமல் நிற்கிறார்கள். கழிவறைக்குப் போய் அட்டை வெட்டும் கத்தியால் தன் நெஞ்சைப் பிளந்து பார்க்கிறான். உள்ளே டிவி ஒளிர்கிறது. படிக்கட்டில் சொன்னது நினைவிருக்கிறதா, உள்ளே ஒன்றுமில்லை, திறந்து பார்க்கப் பயம் என்று? திறந்துவிட்டான். இருக்கிறது. அவன் முகத்தில் வரும் அந்த நிம்மதி சில நொடிதான்.

அப்புறம் சட்டையை மூடிக்கொண்டு வெளியே வந்து, கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்கிறான். புது மருந்து சாப்பிடுகிறேன், அதனால்தான், மன்னித்துக்கொள்ளுங்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. படம் முடிந்துவிடுகிறது.

தோல்வி என்று நினைத்தால் தெருவில் சாக்பீஸால் எழுதியிருக்கும் வரியை மறந்துவிட்டீர்கள்: இன்னும் நேரம் இருக்கிறது. படம் அதை முழு மனதோடு சொல்கிறது என்றுதான் நம்புகிறேன். கொடுமையும் அதிலேயே இருக்கிறது, நேரம் இருக்க இருக்க அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நடக்கிறான்.

குயர் (பாலினத்திலோ பாலீர்ப்பிலோ வேறுபட்டவர்கள்) இல்லாதவர்களுக்கு இந்தப் படத்தில் என்ன இருக்கிறது?

வாழாத வாழ்க்கை எல்லோருக்கும் ஒன்று இருக்கும், அந்த வழியாக நுழையலாம், தப்பில்லை. ஆனால் ‘இது எல்லோருடைய கதை’ என்று முடித்துவிடாதீர்கள். இது ஒரு திருநர் எழுதிய, திருநராகாமல் போன ஒருவரின் கதை. நீங்கள் அதில் விருந்தாளியாக உட்கார்ந்து பார்க்கலாம்.

வீட்டில் பிள்ளைகளோடு பார்க்கலாமா? பாட்டெல்லாம் எப்படி?

அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் யோசித்து முடிவு செய்யும்படியான சான்றிதழ்தான். நெஞ்சைப் பிளக்கும் காட்சியும் புதைக்கும் காட்சியும் இருக்கின்றன, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளோடு பார்த்துவிட்டுப் பேசலாம். பின்னணி இசை அலெக்ஸ் ஜி. படத்தின் தொடக்கத்தில் ‘ஆந்தம்ஸ் ஃபார் எ செவன்டீன் இயர்-ஓல்ட் கேர்ள்’ என்ற பழைய பாட்டை யூல் என்ற இசைக்கலைஞர் மறுபடி பாடியது வரும், ஹெட்போனில் கேளுங்கள்.

ஓவனை ஏன் ‘அவன்’ என்றே எழுதுகிறீர்கள்?

தோழியும் கேட்டார். ஷோன்பிரனைப் பற்றி எழுதும்போது தமிழில் சிரமமே இல்லை, ‘அவர்’ என்று போட்டால் போதும். ஓவன் சின்னப் பிள்ளை, ‘அவர்’ ஒட்டவில்லை. வந்தான், போனான் என்று வினைச்சொல்லின் வாலிலேயே ஆண் பெண் தொங்கும் மொழி இது, ஒவ்வொரு வாக்கியத்திலும் நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. படம் முழுக்க எல்லோரும் அவனை ஆணாகத்தான் கூப்பிடுகிறார்கள், அவனும் மறுத்துச் சொல்வதில்லை, அதனால் ஊருக்குள் நடமாடும் ஓவனை ‘அவன்’ என்றும் மண்ணுக்கடியில் கிடக்கும் இசபெல்லை ‘அவள்’ என்றும் எழுதியிருக்கிறேன். எழுதி முடித்துத் தோழிக்கு அனுப்பினேன். மூச்சைப் பற்றிய பத்தியில், கடைசி வாக்கியத்தில், ‘அவனுக்குக் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது’ என்று முதலில் இருந்தது. அந்த ஒரு சொல்லை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.